கடைமடைக்கு அப்பால் ஒரு பாசனதாரர்

மேட்டூர் நிரம்பி உபரிநீர் திறக்கிற ஒவ்வொரு வருஷமும் ஒரே செய்தி வருகிறது. "இத்தனை டிஎம்சி தண்ணீர் வீணாகக் கடலில் கலந்தது." தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். எல்லாக் கட்சிக்காரர்களும் சொல்கிறார்கள். நம் உழவர் கூட்டங்களிலும் மேடையேறிச் சொல்கிறோம். உப்பு உரம் போடுகிறவரும் சொல்கிறார், பஞ்சகவ்யா தெளிக்கிறவரும் சொல்கிறார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாரும் ஒரே கட்சி.

அந்த "வீண்" என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு. மற்றவர்கள் எப்படியோ போகட்டும். மண்புழுவையும் நுண்ணுயிரையும் வயலின் பங்காளிகள் என்று ஏற்றுக்கொண்ட நாம் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் பாடு.

முதலில் நான் எங்கே நின்று பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே அப்பா விட்டுப்போன நாலு ஏக்கரில் விஷம் போடாமல் பயிர் வைக்கிறேன். எங்கள் ஊர் கடைமடை. எங்களுக்கு அந்தப்பக்கம் கொஞ்ச தூரத்துக்கு உவர் தரை. அதற்கும் அப்பால் முத்துப்பேட்டை அலையாத்திக்காடு. பிறகு கடல்.

நம்மில் பலர் அந்தக் காட்டைச் சுற்றுலா இடமாகத்தான் பார்த்திருப்போம். ஜாம்புவானோடையில் படகு ஏறி, கோரையாற்றில் போய், லகூனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்போம். ஆனால் அந்தக் காடு நம் பாசனத்தின் கடைசிக் கண்ணி. கல்லணையில் பிரிகிற வெண்ணாறு நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிறது. இதில் கோரையாறும் பாமணியாறும், இன்னும் கிளைதாங்கியாறு, கந்தபரிச்சானாறு, மரைக்காக் கோரையாறு போன்றவையும் வந்து சேருகிற இடம்தான் முத்துப்பேட்டைச் சதுப்பு. காடு, சேறு, காயல் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 12,000 ஹெக்டேர். நம் வயலில் வடிந்த தண்ணீர்தான் அங்கே போய்க் கடல் தண்ணீரோடு கலக்கிறது. கடைமடைக்கு அப்பாலும் ஒரு பாசனதாரர் இருக்கிறார் என்று நான் சொல்வது இந்தக் காட்டைத்தான்.

அலையாத்தி மரம் உப்பில் வளரும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் அதற்கு நல்ல தண்ணீர் தேவையில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. உப்பைத் தாங்குவது வேறு, உப்பை விரும்புவது வேறு. கடன்காரன் வட்டி கட்டுகிறான் என்பதற்காக அவனுக்கு வட்டி கட்டப் பிடிக்கும் என்று சொல்வோமா?

ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கிற இடத்தில் உப்பின் அளவு ஓரிடத்தில் இருப்பது போல இன்னோரிடத்தில் இருக்காது, ஒரு மாதத்தில் இருப்பது போல மறு மாதத்தில் இருக்காது. அந்த ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி மரங்கள் இடம் பிடிக்கும். பிச்சாவரத்துக்குப் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். ஓடைக் கரையில், தினமும் தண்ணீர் ஏறி இறங்குகிற இடத்தில் முட்டுக்கால் ஊன்றிச் சுரபுன்னை நிற்கும். அதன் பின்னால் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுவேர் நீட்டிக்கொண்டு வெண்கண்டல். கொஞ்சம் மேடான, கரையோரப் பக்கம் தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த அதே மரம்தான். இன்னும் உப்பு ஏறிய திட்டுகளில் மரமே இருக்காது, உமரிப் பூண்டு மட்டும் படர்ந்திருக்கும். உமரி தெரிகிற இடத்தில் மண் என்ன நிலையில் இருக்கிறது என்று கடற்கரையோர உழவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்த வரிசை இப்போது குலைந்து வருகிறது. முத்துப்பேட்டையில் இன்று நூற்றுக்குத் தொண்ணூறு மரத்துக்கு மேல் ஒரே இனம்: வெண்கண்டல். உப்பை மிக அதிகமாகத் தாங்குவது அதுதான். வேர் வழியே ஏறிய உப்பை இலையின் மேல் கசியவிட்டு வெளியேற்றும். வெயில் நேரத்தில் இலையைத் தொட்டுப் பாருங்கள், விரலில் உப்புப் பொடி ஒட்டும். பிச்சாவரத்தில் இன்னும் பல இனங்கள் உண்டு. ஆனால் அங்கேயும் முன்பு பதிவான சில மரங்கள் இன்று இல்லை. சைலோகார்பஸ் கிரானேட்டம் என்ற மரம் அப்படி மறைந்த ஒன்று. முதலில் போனவை நல்ல தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிற இனங்கள்தான்.

பசுமை இருக்கிறது, பரப்பும் சில இடங்களில் கூடியிருக்கிறது, ஆனால் இனம் குறைந்துவிட்டது. செயற்கைக்கோள் படத்தில் பச்சையாகத்தான் தெரியும். நாம் இதை வயலில் பார்த்தவர்கள். நூற்றுக்கணக்கான நெல் ரகம் இருந்த டெல்டாவில் நாலைந்து ரகம் மட்டும் மிஞ்சியபோதும் தூரத்திலிருந்து பார்த்தவருக்கு எல்லாம் பச்சைதான். ஒற்றைப் பயிருக்கு என்ன ஆபத்தோ அதேதான் ஒற்றை மரக் காட்டுக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா அடித்தபோது நம் தென்னைகள் சாய்ந்ததைப் பார்த்தோம். அதே காற்றில் முத்துப்பேட்டைக் காடும் பெரிய அளவில் முறிந்து, இலை கருகி நின்றது.

எப்படி இந்த நிலை வந்தது? இரண்டு காரணங்கள். இரண்டுமே நமக்குப் பழகிய காரணங்கள்தான்.

முதல் காரணம் வெட்டு. பிச்சாவரத்தில் வெள்ளைக்காரன் காலத்தில், 1911 வாக்கில் தொடங்கி 1970கள் வரை, காட்டைக் கூப்பு கூப்பாகப் பிரித்து முறை வைத்து மொட்டையடித்தார்கள். வெட்டினால் மறுபடி தழைக்கும் என்பது கணக்கு. தழைக்கவில்லை. ஏன் தழைக்கவில்லை என்பதை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் ஆராய்ந்து சொன்னது. மரம் போனதும் சேற்றின் மேல் வெயில் நேராக விழுந்தது. ஈரம் ஆவியாகி, மண் இறுகி, தரை கீழே உட்கார்ந்தது. நடுவில் பள்ளம், ஓரத்தில் மேடு. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல் தண்ணீர் வற்றத்தில் வெளியே போகவில்லை. தேங்கியது, காய்ந்தது, உப்பாயிற்று. மறுநாளும் வந்தது, மறுநாளும் காய்ந்தது. கடைசியில் கடலைவிட உப்பான மண். அதில் வெண்கண்டல் விதைகூட முளைக்காது.

நம் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். கடல் வலுவாக உள்ளே வந்து கழுவிக்கொண்டு போகிற இடமில்லை இது. அதனால் கொஞ்சம் பள்ளம் விழுந்தாலே போதும், நிலைமை கெட்டுவிடும்.

இதைப் படித்தபோது எனக்கு வயல் ஞாபகம்தான் வந்தது. கோடையில் வெறும் தரையாகப் போட்ட வயலில் உப்புப் பூக்கிறதே, அதே கதை. மூடாக்கு போடச் சொல்லி நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சொன்னதும் இதைத்தான். மண்ணை நிர்வாணமாக விடாதே. காடானாலும் கழனியானாலும் விதி ஒன்று.

மருந்தும் வயல் மருந்துதான்: வடிகால். பள்ளம் விழுந்த இடத்தில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள், மீன் முள் மாதிரி. ஓடையோடு இணைத்து வெட்டிவிட்டார்கள். கடல் தண்ணீர் தினமும் வந்து போனது. உப்பு கழுவப்பட்டது. பிறகு கன்று வைத்தார்கள், காடு வந்தது. முத்துப்பேட்டையில் மீன் பிடிக்கிறவர்கள் முன்பே தங்கள் தொழிலுக்காக வாய்க்கால் வெட்டி வைத்திருந்தார்கள். அந்த வாய்க்கால் ஓரங்களில் யாரும் நடாமலேயே அலையாத்தி முளைத்துக் கிடந்தது. படித்தவர்களுக்கு அதுவும் ஒரு பாடம். வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து செய்த இந்த வேலை நல்ல வேலை. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் வாய்க்கால் வெட்டினால் வருவது கடல் தண்ணீர். தேங்கிய உப்பைக் கழுவும், சரி. ஆற்று நீரைக் கொண்டுவந்து கலக்க அதால் ஆகாது. இரண்டாவது காரணம் அப்படியே நிற்கிறது.

அந்த இரண்டாவது காரணம், ஆறு. கிருஷ்ணராஜசாகர் 1930களின் தொடக்கத்தில் வந்தது. மேட்டூர் 1934இல் வந்தது. பிறகு நம் பக்கம் பவானிசாகர், அமராவதி. அவர்கள் பக்கம் கபினி, ஏமாவதி, ஆரங்கி. ஒவ்வோர் அணையும் ஒவ்வொரு பகுதிக்குச் சோறு போட்டது, மறுக்கவில்லை. மேட்டூர் இல்லாவிட்டால் நாமும் இல்லை. ஆனால் கடைசியில் கடல் முகத்துக்கு வருகிற தண்ணீர் குறைந்தது. தண்ணீரோடு வருகிற வண்டலும் குறைந்தது. இன்று முத்துப்பேட்டைக் காட்டுக்கு நல்ல தண்ணீர் என்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைதான். தை பிறந்து ஆறு வற்றினால் அடுத்த மழை வரை காயலில் உப்பு ஏறிக்கொண்டே போகும். கோடையில் கடலையும் மிஞ்சும்.

ஜாம்புவானோடைப் பக்கம் மீன்பிடிக்கிற ஒரு பெரியவரிடம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தேன். "ஆத்துத் தண்ணி நல்லா வந்த வருஷம் எறா இருக்கும் சார். வராத வருஷம் வலைய ஒணத்தி வச்சுக்க வேண்டியதுதான்" என்றார். நீங்கள் கடலில்தானே பிடிக்கிறீர்கள், ஆற்றுத் தண்ணீர் எதற்கு என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "குஞ்சு எங்க சார் வளரும்? உள்ளதான வளரும்" என்றார். கடலில் முட்டையிடுகிற பல இறால் இனங்களின் குஞ்சு இப்படிப்பட்ட கழிமுகத்துக்குள் வந்துதான் வளர்ந்து திரும்பிப் போகிறது. நாம் "வீண்" என்று சொல்கிற தண்ணீரில் அந்தப் பெரியவரின் ஒரு வருஷத்துச் சாப்பாடு இருக்கிறது.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. சிந்து நதியைப் பாருங்கள். பாகிஸ்தானில் 1955இல் கோட்ரி தடுப்பணை வந்த பிறகு, மேலே இருக்கிற மற்ற அணைகளும் சேர்ந்து, கீழே டெல்டாவுக்குப் போகிற தண்ணீர் வருஷத்தில் பல மாதம் இல்லாமலே போனது. அங்கேயும் பல இனங்கள் அழிந்து கடைசியில் மிஞ்சி நிற்பது பெரும்பாலும் இதே வெண்கண்டல்தான். காட்டோடு நிற்கவில்லை. தட்டா, பதின் மாவட்டங்களில் கடல் உள்ளே ஏறி, நெல் விளைந்த நிலம் உப்பாகி, உழவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். கிழக்கே சுந்தரவனத்தில், எந்த மரத்தின் பெயரால் அந்தக் காடு அழைக்கப்படுகிறது என்று சொல்கிறார்களோ அந்தச் சுந்தரி மரமே உச்சி கருகிச் சாகிறது. 1975இல் ஃபராக்கா அணை இயங்கத் தொடங்கிய பிறகு அந்தப் பக்கம் வருகிற நல்ல தண்ணீர் குறைந்தது ஒரு முக்கியமான காரணமாகச் சொல்லப்படுகிறது. காடு முதலில் இனம் குறையும். பிறகு உப்பு கரையேறும். அடுத்த முறை நமக்கு.

ஏன் நமக்கு? நிலத்தடியில் நடப்பதைச் சொல்கிறேன். கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் கனம். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு அது உப்புத் தண்ணீரை அழுத்திப் பிடிக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. திருப்பிப் படியுங்கள். மேலே 1 அடி குறைந்தால் கீழே 40 அடி உப்பு ஏறி வரும். கோடையில் ஆறு வற்றி, குளமும் வற்றி, நாம் போர் போட்டு உறிஞ்சவும் செய்தால் என்ன ஆகும் என்று வேதாரண்யம், தலைஞாயிறு, முத்துப்பேட்டைப் பக்கத்துக்காரர்கள் யாரையும் கேளுங்கள். டீயில் போட்ட பால் திரிகிறது என்பார்கள்.

1990களில் இறால் பண்ணைகள் வந்தபோது இது இன்னும் வேகமாயிற்று. கடல் தண்ணீரை ஓடை வழியே உள்ளே இழுத்து, வயல் நடுவில் குட்டை கட்டித் தேக்கினார்கள். அந்தக் காலத்துக் கடன் மனுக்கள் என் மேசைக்கும் வந்தன. திட்ட அறிக்கையில் குஞ்சு விலை, தீவனம், ஏற்றுமதி விலை எல்லாம் காலணா பிசகாமல் இருக்கும். பக்கத்து வயலில் ஏறப்போகிற உப்புக்கு மட்டும் ஒரு வரி இருக்காது. ஜெகந்நாதன் ஐயாவும் கிருஷ்ணம்மாள் அம்மாவும் கடற்கரை உழவர்களையும் கூலிக்காரர்களையும் திரட்டி நின்றார்கள். ஐயா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகக் கடுமையான தீர்ப்பு சொன்னது. 2005இல் ஒரு சட்டம் கொண்டுவந்து பதிவு செய்து நடத்திக்கொள்ள வழி பண்ணிவிட்டார்கள். அது தனிக் கதை. இங்கே சொல்ல வந்தது, கணக்கில் எழுதாத செலவை யாரோ ஒருவர் கட்டித்தான் ஆகிறார் என்பது. "வீண்" என்று சொல்கிறபோது நாமும் அதே மாதிரி ஒரு வரியை விட்டுவிட்டுத்தான் கணக்கு எழுதுகிறோம்.

கடல் கோபித்துக்கொண்ட நாளும் நமக்கு நினைவிருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் பிச்சாவரம் பகுதியை ஆராய்ந்தவர்கள், திறந்த கரையில் இருந்த ஊர்கள் அழிந்தபோது காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின என்று பதிவு செய்தார்கள். தப்பியதில் காட்டின் பங்கு எவ்வளவு, மேடும் தூரமும் எவ்வளவு என்று பிறகு விவாதம் நடந்தது. அந்த விவாதம் நியாயமானதே. ஆனால் காட்டுக்குப் பின்னால் குடியிருக்கிறவன் காடு வேண்டாம் என்று சொல்வானா? சுனாமி உப்பேற்றிய வயல்களை நாகை மாவட்டத்தில் தக்கைப்பூண்டும் சணப்பும் விதைத்து நம்மாழ்வார் ஐயா மீட்டுக் காட்டினார். அந்த மீட்புக்கும் கடைசியில் வேண்டியிருந்தது உப்பைக் கழுவ நல்ல தண்ணீர்தான்.

இப்போது எதிர்க்கேள்விக்கு வருகிறேன். "குறுவை காய்கிறது, சம்பாவுக்கே முறைப்பாசனம். இதில் காட்டுக்குத் தண்ணீர் விடணுமா? பென்ஷன் வாங்குகிறவர் பேசுகிற பேச்சு இது" என்று ஒரு கூட்டத்தில் ஒரு தம்பி நேராகவே கேட்டார். கோபம் நியாயம். பதில் இரண்டு.

முதல் பதில், கணக்கு. காவிரி நடுவர் மன்றம் 2007இல் தீர்ப்பு சொன்னபோது ஆற்றில் இருப்பதாக எடுத்துக்கொண்டது 740 டிஎம்சி. அதில் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு என்று 10 டிஎம்சி, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவது என்று 4 டிஎம்சி ஒதுக்கியது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நம் பங்கை 419இலிருந்து 404.25 ஆகக் குறைத்தபோதும் இந்த 14ஐத் தொடவில்லை. 740இல் 14 என்பது ரூபாய்க்கு இரண்டு பைசாகூட இல்லை. கவனிக்க வேண்டிய இன்னொன்று: பிலிகுண்டுலுவில் நமக்குத் தர வேண்டிய 177.25 டிஎம்சிக்குள்ளேயேதான் அந்த 10 டிஎம்சியும் அடக்கம். அதாவது அந்தப் பத்து நம் கைக்கு வருகிற பணத்தில் ஒருவர் பெயருக்குத் தனியாகப் போட்ட தொகை. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால் டிரஸ்ட் பணம். அதை நம் செலவோடு கலந்துவிட்டு, கணக்கும் எழுதாமல், பிறகு அந்தக் காட்டைப் பார்த்தே "தண்ணீரை வீணாக்குகிறது" என்று சொல்வது எந்த நியாயத்தில் சேரும்? ஒவ்வொரு வருஷமும் ஜூன் 12 வந்தால் மேட்டூர் திறப்புச் செய்தியை வரி விடாமல் படிக்கிறேன். பாசனத்துக்கு எத்தனை கன அடி என்று இருக்கிறது. கழிமுகத்துக்கு இவ்வளவு, இந்த மாதத்தில், இந்த ஆற்றின் வழியாக என்று ஒரு வரியை நான் படித்ததில்லை.

இரண்டாவது பதில்தான் முக்கியம். காட்டுக்குப் போகிற தண்ணீர் எந்த வழியாகப் போகும்? கோரையாறு, பாமணியாறு வழியாக, நம் கடைமடை வயல்களைத் தாண்டித்தான் போகும். காடு வரைக்கும் தண்ணீர் வந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வந்தே தீரும். காட்டுக்கு வரவில்லை என்றால் நமக்கும் வரவில்லை என்று பொருள். 2018 ஆகஸ்டை நினைத்துப் பாருங்கள். கொள்ளிடத்தில் வெள்ளம் கரைபுரண்டு, 22ஆம் தேதி முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. அதே நாட்களில் கடைமடையில் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று நம் ஆட்கள் மறியல் செய்துகொண்டிருந்தார்கள். கடலுக்குத் தண்ணீர் போனதா? போனது. ஆனால் ஒரே வழியில், சில நாட்களில், மொத்தமாகப் போனது. வருஷம் முழுக்க உழைத்தவனுக்கு ஒரே நாளில் ஒரு மூட்டை லட்டு கொடுத்துவிட்டு மீதி நாள் பட்டினி போட்ட மாதிரி. அதனால் காட்டுக்கும் பயனில்லை, கடைமடைக்கும் பயனில்லை.

ஆகவே கடைமடை உழவனும் அலையாத்திக்காடும் ஒரே பட்டாவில் இருக்கிறோம். காட்டின் பெயரால் கேட்கிற தண்ணீர் நமக்கும் சேர்த்துக் கேட்கிற தண்ணீர். மேல்மடைக்காரர்களோடு சண்டை போட்டுக் களைத்த நமக்கு, சட்டத்தில் ஏற்கெனவே எழுதிவைத்த ஒரு கூட்டாளி கிடைத்திருக்கிறார். அவரை நாமே வீண் செலவு என்று சொல்லித் துரத்துவதா?

என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

ஒன்று, அந்த 10 டிஎம்சிக்குத் தனிக் கணக்கு வேண்டும். மேட்டூர் திறப்பு அறிவிப்பிலேயே அது இருக்க வேண்டும். அதில் ஒரு பகுதி தை முதல் சித்திரை வரை, உப்பு ஏறுகிற மாதங்களில், கோரையாறு, பாமணியாறு வழியாகச் சிறிது சிறிதாக வர வேண்டும். வருகிற வழியில் கடைமடை ஊர்களின் குளங்களும் நிரம்பட்டும். நம் இயக்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் இது ஒரு வரியாகவாவது ஏற வேண்டும்.

இரண்டு, ஆற்றுக்குக் குறுக்கே புதுக் கதவணை கேட்கும்போது கீழே விடுகிற தண்ணீரின் அளவையும் சேர்த்துக் கேட்போம். கதவணைக்கு நான் எதிரியில்லை. ஆதனூர்–குமாரமங்கலம் போன்ற கதவணைகள் மேலே நிலத்தடி நீரை ஏற்றும், உப்பு ஏறுவதைத் தடுக்கும். ஆனால் கதவுக்குக் கீழேயும் ஆறு இருக்கிறது.

மூன்று, கன்று எண்ணிக்கையைக் காட்டாதீர்கள் என்று அரசிடம் சொல்வோம். லட்சம் கன்று நட்டோம் என்பது, இத்தனை கணக்கு திறந்தோம் என்று நாங்கள் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கை மாதிரி. ஐந்து வருஷம் கழித்து எத்தனை உயிரோடு இருக்கிறது, எத்தனை இனம் இருக்கிறது, வாய்க்கால் தூர்வாரினீர்களா என்று கேட்போம். பறவை மேய்கிற வெறும் சேற்றுத் திட்டைப் பிடித்து அங்கேயும் கன்று ஊன்றுகிற வேலையும் வேண்டாம். மீன்வள வாய்க்கால்களைப் பராமரிக்க மீனவர்களுக்கே கூலி கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

நான்கு, நம் பக்கத்து வேலை. வயலில் தெளிக்கிற களைக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் வடிகாலில் இறங்கி அந்தக் காட்டுக்குத்தான் போகின்றன. விஷமில்லாமல் பயிர் செய்கிற ஒவ்வோர் ஏக்கரும் அங்கே வளர்கிற இறால் குஞ்சுக்கும் செய்கிற உதவி. கோடையில் தரையை வெறுமனே போடாமல் தக்கைப்பூண்டாவது விதைப்போம். உப்பு ஏறிய வயலுக்குக் குழியடிச்சான் மாதிரி தாங்குகிற நம் பழைய நெல்லைத் தேடுவோம். நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டியில் தொடங்கி வைத்த நெல் திருவிழாவால் விதைக்குப் பஞ்சமில்லை.

ஐந்து, அளந்து எழுதிவைப்போம். உப்பை அளக்கிற சின்ன ஈசி மீட்டர் ஒன்றை ஊருக்குப் பொதுவாக வாங்கிவைத்தால் போதும். கடைமடை ஊர்களில் மாதத்துக்கு ஒருமுறை கிணறு, போர், ஆறு, வடிகால் நான்கிலும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்து, அந்த எண் 4ஐத் தாண்டினால் உவர் நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷத்து எண்கள் கையில் இருந்தால் ஆட்சியர் குறைதீர் கூட்டத்தில் நாம் பேசுகிற பேச்சே வேறாக இருக்கும். உணர்ச்சியாகப் பேசினால் மனுவை வாங்கி வைத்துக்கொள்வார்கள். எண்ணோடு பேசினால் பதில் சொல்லியாக வேண்டும். இது வங்கியில் நான் கற்றது.

டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று 2020இல் சட்டம் போட்டார்கள். பிச்சாவரத்தை 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். முத்துப்பேட்டைக் காடு கோடியக்கரையோடு சேர்த்து 2002 முதலே அந்தப் பட்டியலில் இருக்கிறது. காகிதத்தில் வயலுக்கும் பாதுகாப்பு, காட்டுக்கும் பாதுகாப்பு. இரண்டையும் இணைக்கிற தண்ணீருக்கு மட்டும் பாதுகாப்பில்லை.

அடுத்த ஆடியில் ஆறு பெருகும்போது மறுபடியும் அந்தச் செய்தி வரும். இத்தனை டிஎம்சி வீணாகப் போனது என்று யாராவது மைக்கில் சொல்வார்கள். பக்கத்தில் இருந்தால் மரியாதையாகவே கேளுங்கள்: "எந்த ஆத்து வழியா போச்சுங்க? கோரையாத்துல எவ்வளவு போச்சு? காட்டுக்குன்னு ஒதுக்குன பத்து டிஎம்சி எங்க?" இந்த மூன்று கேள்வியை நூறு பேர் கேட்க ஆரம்பித்தாலே கணக்கு எழுதுகிறவர்கள் நோட்டைத் திறப்பார்கள்.